இதய வால்வை இரண்டாம் முறை மாற்றப் போகிறவர் எப்படித் தயாராவது?

முன்பு வைத்த திசு வால்வு (விலங்குத் திசுவால் செய்தது) தேய்ந்துவிட்டது, மறுபடி மாற்ற வேண்டும் என்கிறார்கள். முதல் தடவையை விட இது எப்படி வேறுபடும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முக்கிய வித்தியாசம் நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கிறது. பழைய காயம் ஆறும்போது இதயமும் பெருந்தமனியும் சுற்றியுள்ள திசுக்களோடு, சில சமயம் எலும்போடே ஒட்டிக்கொள்ளும். எலும்பை மறுபடி அறுக்கும்போது அங்கே கீறல் பட்டால் ரத்தம் கொட்டும். அதனால்தான் முன்கூட்டியே சிடி ஸ்கேன் எடுத்து எலும்புக்கும் இதயத்துக்கும் உள்ள இடைவெளியைப் பார்ப்பார்கள், ரத்தமும் தயாராக வைப்பார்கள்.

நீங்கள் முதலில் பழைய அறுவைக் குறிப்பைத் தேடி எடுங்கள். வால்வின் வகையும் அளவும் (21, 23 மி.மீ. என்பதுபோல்) அதில் இருக்கும். நெஞ்சைத் திறக்காமல், தொடை ரத்தக்குழாய் வழியே பழைய வால்வுக்குள்ளேயே புதியதைப் பொருத்த முடியுமா என்று முடிவெடுக்க அந்த விவரம் மிகவும் தேவை. இந்தக் கேள்வியைத் தயங்காமல் டாக்டரிடம் கேளுங்கள்.

அப்புறம் பல். சொத்தை, ஈறு வீக்கம் இருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள்; அங்கிருந்து கிருமி ரத்தத்தில் கலந்து புது வால்வில் தங்கிவிடலாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குப் பெரும்பாலும் 5 நாள் முன்பு அதை நிறுத்தச் சொல்வார்கள், சிலருக்கு இடையில் அதே வேலையைச் செய்யும் ஹெப்பாரின் ஊசி போடுவார்கள். எந்தத் தேதியில் நிறுத்துவது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், நீங்களாக நிறுத்தவே வேண்டாம்.