மாஸ்டோடனில் புதிதாகச் சேர்ந்தேன், வெறிச்சென்று இருக்கிறது. உங்களுக்கு இது எப்படிப் பிடித்துப்போனது?

மாஸ்டோடன் என்ற சமூக வலைத்தளத்தில் சேர்ந்து பத்து நாள் ஆகிறது, எட்டுப் பதிவு போட்டேன், ஒரு லைக்கும் விழவில்லை, ஒரு ஆள் திரும்பிப் பார்க்கவில்லை, அப்புறம் ஏன் சிலர் இதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் நான்கே நாளில் ஓடிப்போனவன். பத்து நாள் தாக்குப்பிடித்த உங்களுக்குப் பொறுமை அதிகம்தான்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். காலையிலிருந்து இரவு வரை தமிழ் தட்டச்சுதான். பட்டா மாறுதல் மனு, கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கோயில் ரசீது. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் நாள் என்பதால் அன்று மட்டும் டீ குடிக்கக்கூட எழுந்திருக்க முடியாது. மற்ற நாள்களில் மதியம் மூன்று மணிக்கு மேல் கடை காற்று வாங்கும். அந்த நேரத்துக்குத்தான் எனக்கு இந்தச் சமூக வலைத்தளங்கள். வேறொரு தளத்தில் மூவாயிரத்துச் சொச்சம் பேர் என்னைப் பின்தொடர்ந்தார்கள். மழை, மின்வெட்டு, மீன் விலை என்று எதை எழுதினாலும் நூறு லைக் விழும். ஒருநாள் காலை அந்தக் கணக்குக்குள் நுழைய முடியவில்லை. யார் புகுந்தார்கள், எப்படிப் புகுந்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. அந்த ஆற்றாமையில் இருந்தபோதுதான், 2022 அக்டோபர் கடைசியில், ட்விட்டரை ஈலோன் மஸ்க் வாங்கினார்.

என் அக்கா மகன் புதுச்சேரியில் படிக்கிறான். கட்டற்ற மென்பொருள் கூட்டம் எங்கே நடந்தாலும் ஞாயிற்றுக்கிழமை அங்கே இருப்பான். அவன் சொன்னான்: “மாமா, எல்லாரும் மாஸ்டோடனுக்குப் போறாங்க. உங்களுக்கும் ஒரு கணக்கு தொடங்கித் தரேன். எந்த சர்வர்ல வேணும்?”

எந்த சர்வரா? எனக்கு அங்கேயே தலை சுற்றிவிட்டது. மின்னஞ்சல் மாதிரி, மாமா, என்று விளக்கினான். எல்லோரும் அப்படித்தான் விளக்குகிறார்கள். எனக்கு அது ஏறவே இல்லை. பிறகு நானாக இப்படிப் புரிந்துகொண்டேன். எங்கள் கடற்கரையில் தேவனாம்பட்டினத்துக்கு ஒரு பஞ்சாயத்து, சிங்காரத்தோப்புக்கு ஒரு பஞ்சாயத்து, தாழங்குடாவுக்கு ஒன்று. ஒவ்வொரு ஊருக்கும் அதன் கட்டுப்பாடு. ஆனால் கடல் ஒன்று, ஒரு ஊர்க்காரர் இன்னொரு ஊரில் பெண் எடுப்பார், மீன் விற்பார், சண்டையும் போடுவார். ஊருக்கும் ஊருக்கும் முட்டிக்கொண்டால் பேச்சுவார்த்தையே நின்றுபோவதும் உண்டு. மாஸ்டோடன் சர்வர்களும் அப்படித்தான். ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் அல்லது ஒரு குழு நடத்துகிறது, அதற்கென்று விதிகள் இருக்கின்றன. ஒரு சர்வரில் இருந்துகொண்டே இன்னொரு சர்வர்க்காரரைப் பின்தொடரலாம். ஒரு சர்வர் தொல்லை தாங்கவில்லையென்றால் மற்ற சர்வர் நிர்வாகிகள் அதோடு தொடர்பை வெட்டிவிடலாம். ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவின் த்ரெட்ஸ் தளம் தன் கதவைக் கொஞ்சம் திறந்து இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கத் தொடங்கியபோது, சில சர்வர்கள் அதை ஊர் எல்லையிலேயே நிறுத்தியதும் இந்த வகைதான். இதையெல்லாம் முதலில் உருவாக்கியவர் ஆய்கன் ரோச்கோ என்ற ஜெர்மனிக்காரர், 2016இல். நிரல் திறந்தே கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுத்துத் தனி சர்வர் வைக்கலாம்.

ஆக, எந்த சர்வர் என்று ரொம்ப யோசிக்காதீர்கள். பிடிக்கவில்லையென்றால் வேறு ஊருக்குக் குடிபோகலாம். பின்தொடர்பவர்கள் கூடவே வந்துவிடுவார்கள். எழுதிய பழைய பதிவுகள் மட்டும் பழைய வீட்டிலேயே தங்கிவிடும்.

சரி, முதல் நான்கு நாள் கதைக்கு வருகிறேன். “வணக்கம் நண்பர்களே” என்று போட்டேன். ஒன்றுமில்லை. வெள்ளிக் கடற்கரையில் சூரியன் எழுவதைப் படம் பிடித்துப் போட்டேன். ஒன்றுமில்லை. கடலூர் என்று தேடினேன், நான் போட்ட படம்தான் வந்தது. ஆளில்லாத மண்டபத்தில் மைக் டெஸ்டிங் செய்வது போல இருந்தது. செயலியை அழித்துவிட்டேன்.

ஒன்றரை வருஷம் கழித்து மறுபடி உள்ளே போனதற்குக் காரணம் பாமினி.

தட்டச்சுத் தொழிலில் இல்லாதவர்களுக்குச் சொல்கிறேன். எல்லாக் கணினியிலும் ஒரே மாதிரி படிக்க முடிகிற யூனிகோடு என்ற எழுத்துக் குறியீட்டு முறை புழக்கத்துக்கு வருமுன் தமிழுக்கு ஆளுக்கொரு எழுத்துரு முறை இருந்தது: பாமினி, வானவில், டாம், டாப். தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது, ஆனால் பழைய கோப்புகள் பழைய எழுத்துருவிலேயே கிடக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. பாமினி என்றால் ஒரு அடையாளம் வைத்திருக்கிறேன்: அரைப்புள்ளி எறும்பு வரிசை மாதிரி போகும், ஏனென்றால் அதில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளி விசைதான். கண்ணால் பார்த்தே எது எந்த எழுத்துரு என்று சொல்லிவிடுவேன். வேறு எதற்கும் உதவாத ஒரு திறமை.

அக்கா மகன் ஒருநாள் ஒரு பதிவை அனுப்பினான். யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர், இப்போது இருப்பது ஜெர்மனியில். அம்மா சொல்லச் சொல்ல அப்பா தட்டச்சு செய்து வைத்த சமையல் குறிப்புகள், தொண்ணூறுகளில் செய்த பாமினிக் கோப்பு, பதினான்கு பக்கம். பழைய எழுத்துருவை யூனிகோடாக்கும் மாற்றியில் போட்டுப் பார்த்திருக்கிறார், பாதி சரியாக வந்திருக்கிறது, மீதி விநோதமாக இருக்கிறது, ஏன் என்று கேட்டிருந்தார். அவர் வைத்திருந்த உதாரணம் ஒடியல் கூழ், அதாவது காய்ந்த பனங்கிழங்கு மாவில் செய்யும் கூழ். “ஒடியல் மர அரைக் கிலோ” என்று வந்திருந்தது. “மிளகரய்.” “இறரல்.”

பார்த்ததுமே சிரிப்பு வந்துவிட்டது. இது மாற்றியின் தப்பே இல்லை. அவருடைய அப்பா, துணைக்கால் (ா) போட வேண்டிய இடத்தில் ‘ர’ விசையைத் தட்டியிருக்கிறார். அந்தக் காலத் திரையில் இரண்டும் அக்கா தங்கை மாதிரி இருக்கும், அச்சடித்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் மாற்றிக்கு எழுத்தின் முகம் தெரியாதே, எண்தான் தெரியும். சரி, எல்லா ‘ர’வையும் காலாக மாற்றிவிடலாமே என்றால், கூழில் மரவள்ளிக்கிழங்கு இருக்கிறது. அது மாவள்ளி ஆகிவிடும்.

இதைப் பதிலாக எழுதுவதற்காகத்தான் மறுபடி உள்ளே போனேன். எழுதி முடித்துப் பார்த்தால் 500 எழுத்து வரம்புக்குள் அடங்கியிருந்தது. இங்கே ‘கொ’வை ஒரே எழுத்தாக எண்ணுகிறார்கள், துண்டு துண்டாக அல்ல. தமிழில் எழுதுகிறவனுக்கு இது சின்னச் சலுகை இல்லை.

“அண்ணை, நீங்கள் சொன்னது சரி. அப்பாக்குக் கண் அவ்வளவு தெரியாது” என்று அவரிடமிருந்து பதில் வந்தது. அதற்குக் கீழே மலேசியாவிலிருந்து ஒருவர் புகுந்தார், எந்தெந்த எழுத்துக்குப் பின்னால் ‘ர’ வந்தால் சந்தேகப்பட வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டார். புதுச்சேரிக்காரர் ஒருவர் பைத்தானில் ஒரு சின்ன நிரல் எழுதினார். அது சந்தேகமான சொற்களைப் பிரித்துக் கொடுத்தது, நான் ஒவ்வொன்றாகத் திருத்தினேன். மூன்று இரவு ஓடியது. நடுவே பலாக்கொட்டை போடலாமா, முருங்கை இலையைக் கடைசியில் போடுவதா என்று சமையல் சண்டை வேறு. அந்த இழைக்கு மொத்தம் ஏழோ எட்டோ நட்சத்திரம், அங்கே லைக்குக்குப் பதில் அதுதான். மூவாயிரம் பேர் இருந்த பழைய இடத்தில் மூன்று இரவு யாரும் என்னிடம் பேசியதில்லை.

அந்தப் புதுச்சேரிக்காரர் ஏன் இவ்வளவு ஆர்வமாக வந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. அவருக்குப் பார்வை இல்லை. திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் திரைவாசிப்பான் வைத்துத்தான் கணினி. “பாமினிக் கோப்பு வந்தா அது இங்கிலீஷ் எழுத்தா வாசிச்சுக் காதைக் கிழிக்கும் சார். யூனிகோடா இருந்தா தமிழா வாசிக்கும். அதனால இந்த மாதிரி வேலைன்னா விடமாட்டேன்” என்றார்.

அதே மனிதர்தான் ஒரு வாரம் கழித்து என் கடற்கரைப் படத்துக்குக் கீழே எழுதினார்: “படத்துக்கு விவரிப்பு எழுதினீங்கன்னா பகிருவேன் சார்.” எனக்குச் சுருக்கென்றது. என் படத்தைப் பகிர நிபந்தனையா? வேண்டா வெறுப்பாக “கடற்கரையில் படகு” என்று போட்டேன். “என்ன கலர் படகு?” என்று கேட்டார்.

அப்போதுதான் உறைத்தது. என் படங்கள் எல்லாம் அவருக்குப் பாமினிக் கோப்பு.

மறுபடி எழுதினேன். நீல ஃபைபர் படகு, மூக்கில் சிவப்புப் பட்டை, மணலில் ஒருக்களித்துக் கிடக்கிறது, உள்ளே பச்சை வலை குவியலாக, அதன் மேல் ஒரு நாய் தூங்குகிறது. நாயைப் படம் எடுத்தபோது நான் பார்க்கவே இல்லை. விவரிப்புக்கு 1500 எழுத்து வரை இடம் கொடுக்கிறார்கள், எனக்கு இருநூறு போதும். இப்போது விவரிப்பு இல்லாமல் படம் போடக் கை வரமாட்டேன் என்கிறது. அங்கே நிறையப் பேர் இப்படித்தான் இருக்கிறார்கள், அது அந்த இடத்தின் பழக்கம். புதிதாக வருகிறவருக்கு அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றும். எனக்கும் தோன்றியது.

நீங்கள் கேட்ட “லைக் ஏன் விழவில்லை” விஷயம். நட்சத்திரத்தை அழுத்தினால் அது எழுதியவருக்குத் தலையாட்டுவதோடு சரி. அதனால் பதிவு நான்கு பேர் முகப்பில் வராது. வரவேண்டுமென்றால் பூஸ்ட், அதாவது மறுபகிர்வு, செய்ய வேண்டும். இது தெரியாமல் நான் ரொம்ப நாள் எல்லோருக்கும் நட்சத்திரமாக அள்ளி வீசிக்கொண்டிருந்தேன். உங்கள் எட்டுப் பதிவை அடுத்தவர் முகப்பில் மேலே தூக்கிக் காட்ட அங்கே எந்த இயந்திரமும் இல்லை, விளம்பரமும் இல்லை. முகப்பில் வருவது நேர வரிசை மட்டும். நாமாகப் போய்க் கதவைத் தட்டவேண்டும். #அறிமுகம் என்று போட்டு, என்ன தொழில், எதைப் பற்றிப் பேசப் பிடிக்கும் என்று நான்கு வரி எழுதி, அதைச் சுயவிவரத்தில் மேலே பொருத்திவையுங்கள். பின்தொடர வந்தவர் முதலில் அதைத்தான் பார்ப்பார். ஆள்களை மட்டுமல்ல, #தமிழ் மாதிரி ஹேஷ்டேகையே பின்தொடரலாம். ஆரம்பத்தில் முகப்பு நிரம்ப அதுதான் வழி. பிறகு, பதிவு எழுதுவதைக் குறைத்துப் பதில் எழுதுங்கள்.

தனிச்செய்தியில் ஜாக்கிரதை. அது பூட்டிய பெட்டி இல்லை, சர்வர் நடத்துபவர் நினைத்தால் படிக்க முடியும், ஆதார் எண்ணையெல்லாம் அனுப்பிவைக்காதீர்கள். இன்னொன்று, தனிச்செய்தியில் மூன்றாம் ஆளைப் பற்றி எழுதும்போது அவர் கணக்கை @ குறியோடு போட்டுவிட்டால் செய்தி அவருக்கும் போய்விடும். மலேசியக்காரர் போட்ட பட்டியலைப் பற்றி நான் புதுச்சேரிக்காரரிடம் “கொஞ்சம் வளவளவென்று இருக்கிறது” என்று இப்படித்தான் எழுதித் தொலைத்தேன். அவர் பெரிய மனசு, “உண்மைதான்” என்று பதில் போட்டார்.

எல்லாவற்றுக்கும் இது ஆகும் என்று சொல்லமாட்டேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறி நகராமல் நின்றது. அங்கே ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து எங்கள் ஊர்ப்பக்கம் புகுந்தது. எந்தத் தெருவில் தண்ணீர், பால் எங்கே கிடைக்கும் என்று மாஸ்டோடனில் எழுதினேன். யாழ்ப்பாணத்துக்காரர் கவலைப்பட்டார், மலேசியக்காரர் கவலைப்பட்டார். பக்கத்துத் தெருக்காரர் ஒருவர்கூட அங்கே இல்லை. பால் விவரம் தெருவாசிகள் வாட்ஸ்அப் குழுவில்தான் போனது, அதுதான் உதவியது. புதுச்சேரி நண்பர் மட்டும் கரண்டு வந்ததும் ஒரு வரி எழுதினார்: “சார், கடை கம்ப்யூட்டர் மேல ஏத்தி வச்சுட்டீங்களா?” ஏற்றி வைத்திருந்தேன்.

2019 அக்டோபர் கடைசியில் வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டதைத் தொடர்ந்து, நவம்பரில் இந்தியாவிலிருந்து ஒரு கூட்டம் மாஸ்டோடனுக்கு இப்படித் திரண்டு வந்ததாம். என் 2022 கூட்டமும் வந்தது. அதில் ஓடிப்போய்த் திரும்பிய ஒரு ஆளை உங்களுக்கு இப்போது தெரியும்.

அறிமுகப் பதிவு போட்டதும் உங்கள் கணக்கின் முகவரியை இங்கே கீழே எழுதுங்கள், வந்து பின்தொடர்கிறேன். திங்கட்கிழமை போட்டீர்களென்றால் மட்டும் சாயங்காலம்தான் பார்ப்பேன்.