சொர்க்கம், நரகம் பற்றி எல்லா மதங்களும் ஒன்றைத்தான் சொல்கின்றனவா, பெயர்கள் மட்டும்தான் வேறா?

இல்லை என்பதே என் பதில். மேலே இன்பம், கீழே நெருப்பு என்ற அளவில் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் "நரகத்துக்குப் போனவர் திரும்ப வர முடியுமா? இங்கே இருக்கிற நாம் அவருக்கு ஏதாவது செய்ய முடியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். பதில்கள் பிரிந்துவிடும். எனக்கு இதில் முக்கியமான கேள்வியே அதுதான்.

நான் மும்பை மாட்டுங்காவில் வளர்ந்தவன். எங்கள் கட்டடத்தில் பாதிக்கு மேல் கட்ச் பக்கத்துச் சமணக் குடும்பங்கள். ஃபைவ் கார்டன்ஸ் தாண்டினால் பார்சி காலனி. மாஹிம் பக்கம் போனால் ஒரு பக்கம் தர்கா, இன்னொரு பக்கம் புதன்கிழமை நொவேனா என்ற சிறப்புப் பிரார்த்தனைக்குக் கூட்டம் நிற்கும் தேவாலயம். இந்தக் கதைகளில் பலவற்றை நான் முதலில் கேட்டது அக்கம்பக்கத்தாரிடம்தான், புத்தகத்தில் தேடிப் படித்தது அப்புறம்.

முதலில் நம் வீட்டுக் கணக்கு. இந்து மரபில் நரகம் மட்டுமல்ல, சொர்க்கமும் நிரந்தரமில்லை. புண்ணியம் தீர்ந்ததும் மறுபடி மண்ணுலகுக்கே வர வேண்டும் என்று கீதையின் 9-ஆம் அத்தியாயம் சொல்கிறது. அதனால்தான் "இந்திர லோகம் ஆளும் அச்சுவை பெறினும் வேண்டேன்" என்று தொண்டரடிப்பொடி ஆழ்வாரால் பாட முடிந்தது. ஒருநாள் காலியாகிற இடத்தை ஆள்வதில் அவருக்கு என்ன இருக்கிறது?

அப்பா இறந்த பதின்மூன்று நாட்களுக்குள் உறவினர் ஒருவர் கருட புராணத்தை அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போனார். ரௌரவம், கும்பீபாகம் என்று வரிசையாக நரகங்கள், கொதிக்கும் எண்ணெய், வைதரணி ஆறு. அப்பா கோபக்காரர், வாய்க்கு வந்ததைப் பேசிவிடுவார். அதற்கெல்லாம் என்ன தண்டனை என்று அம்மா ராத்திரி முழுக்கப் பக்கம் பக்கமாகத் தேடிக்கொண்டிருந்தார். துக்க வீட்டில் ஒருவர் கையில் அந்தப் புத்தகத்தை விளக்கம் இல்லாமல் திணிப்பது கொடுமை என்றே இன்றும் நினைக்கிறேன். அதே புராணத்தில் இன்னொரு பக்கமும் உண்டு. இறந்தவர் ஒரு வருடம் நடந்து, 16 ஊர்களைத் தாண்டி எமனுடைய நகரத்தை அடைகிறார். வீட்டில் கொடுக்கும் பிண்டம்தான் அவருக்கு வழியில் சாப்பாடு. வாத்தியார் வந்து, மாதாமாதம் பிண்டம் கொடுக்கும் சடங்கைப் பற்றி, "மாசிகம் எதுக்குன்னு நெனச்சேள் மாமி? அவர் தனியாப் போகலை" என்று சொன்ன பிறகுதான் அம்மாவுக்கு மூச்சு வந்தது.

யூதர்களிடமும் இப்படி ஒரு வருடக் கணக்கு இருக்கிறது. மிகக் கொடியவர்கள் சிலரைத் தவிர, கெஹின்னோம் என்ற நரகத்தில் தண்டனை 12 மாதத்துக்கு மேல் போகாது என்பது அவர்கள் மரபு. பெற்றோருக்காகச் சொல்லும் கத்தீஷ் பிரார்த்தனையைப் பல குடும்பங்களில் 11 மாதத்தோடு நிறுத்திவிடுவார்கள். பன்னிரண்டு மாதமும் சொன்னால், தன் தகப்பன் முழுத் தண்டனைக்கும் உரியவர் என்று பிள்ளையே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் அல்லவா! அந்த ஒரு மாதத்தில் இருக்கும் பாசம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது, ஜரதுஷ்டிரரைப் பின்பற்றும் பார்சிகளின் கதை. இறந்தபின் மூன்று இரவுகள் உயிர் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் மலபார் ஹில்லில் உள்ள டூங்கர்வாடி என்ற அவர்களுடைய இறுதிச்சடங்கு வளாகத்தில் குடும்பத்தாரும் தங்கிப் பிரார்த்தனை நடத்துவார்கள். நான்காம் நாள் விடியலில் உயிர் சின்வத் பாலத்துக்கு வரும். நல்லவருக்குப் பாலம் அகலும், தீயவருக்குக் கத்தியின் விளிம்பாகச் சுருங்கும். எதிரே ஒரு பெண் வருவாள். நல்லவருக்குப் பேரழகி, மற்றவருக்குப் பார்க்கவே கூசும் உருவம். "யார் நீ?" என்றால், "நீ நினைத்ததும் சொன்னதும் செய்ததும்தான் நான்" என்பாள். வெளியிலிருந்து ஒரு நீதிபதி வந்து திட்டுவதைவிட இது எனக்கு நியாயமாகப் படுகிறது.

ஆர்தா விராஃப் என்பவர் மறுவுலகைப் பார்த்துவந்து சொன்னதாக பஹ்லவி என்ற இடைக்காலப் பாரசீக மொழியில் ஒரு நூல் உண்டு. அதில் வரும் நரகத்தில், கண்ணுக்கும் காதுக்கும் இருக்கிற நெருக்கத்தில் உயிர்கள் நிற்கின்றன. ஆனால் ஒன்றை ஒன்று பார்க்க முடியாது, ஒன்றின் குரல் இன்னொன்றுக்குக் கேட்காது. ஒவ்வொன்றும் "நான் மட்டும் தனியாக இருக்கிறேன்" என்றே நினைக்கிறது. எந்த எண்ணெய்க் கொப்பரையும் என்னை இவ்வளவு பயமுறுத்தியதில்லை. அந்த நரகத்துக்கும் முடிவு உண்டு. கடைசியில் உருகிய உலோகம் ஆறாக ஓடும். எல்லோரும் அதைக் கடந்து, நல்லவருக்கு அது வெதுவெதுப்பான பால், தீயவருக்கு எரிச்சல், ஆனாலும் தூய்மையாகி வெளியே வருவார்கள்.

சமணத்தில் கீழே ஏழு நரகங்கள். அங்கே ஆயுள் நினைத்துப் பார்க்க முடியாத நீளம், என்றாலும் முடிவுள்ளது. மாடி வீட்டு 'பென்' (அக்கா) சொன்ன ஸ்ரேணிக ராஜாவின் கதையை மறக்க முடியாது. மகாவீரர் மேல் அவ்வளவு பக்தி வைத்த மகத மன்னன், பழைய வினையால் இப்போது நரகத்தில் இருக்கிறான். அங்கிருந்து வந்து அடுத்த காலச் சுழற்சியின் முதல் தீர்த்தங்கரர் (சமணர் வழிபடும் ஞானாசிரியர்) ஆகப்போவதும் அவன்தான்.

கத்தோலிக்கர்களுக்கு நரகம் நித்தியமானது. அதற்குப் புறம்பாக, சொர்க்கத்துக்குப் போகும் வழியில் தூய்மையாகக் காத்திருக்கும் உத்தரிக்கிற ஸ்தலத்து ஆன்மாக்களுக்காக நவம்பர் 2-ஆம் தேதி கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். புராட்டஸ்டண்ட் சபைகள் பொதுவாக அந்த இடமே இல்லை என்கின்றன. ஒரே மதத்துக்குள்ளேயே இவ்வளவு தூரம்.

எனக்கு மிகப் பிடித்தவர்கள் சொர்க்கத்தை வேண்டாம் என்றவர்கள். மகாபாரதக் கடைசியில் தருமர் மேலே போனால், துரியோதனன் சிம்மாசனத்தில் இருக்கிறான், தம்பிகளைக் காணோம். நாற்றமும் இருட்டுமான வழியில் கூட்டிப்போகிறார்கள். திரும்பலாம் என்று கால் எடுக்கும்போது, "கொஞ்சம் நில்லுங்கள், உங்கள் மேல் பட்டு வரும் காற்று எங்களுக்கு இதமாக இருக்கிறது" என்று குரல்கள். கேட்டால், கர்ணன், பீமன், திரௌபதி. தருமர் தேவதூதனிடம், நீ போ, நான் இங்கேயே இருக்கிறேன் என்றுவிடுகிறார். திருக்கோஷ்டியூரில் ராமானுஜர் செய்ததும் இதுதான்: ரகசிய மந்திரத்தைச் சொன்னால் நரகம் என்று குரு எச்சரித்தும், இத்தனை பேர் கரையேற நான் ஒருவன் நரகம் போனால் போகட்டும் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டார்.

தாராவியில் இருக்கும் திருநெல்வேலி நண்பர், இதைக் கேட்டதும் ஸஹீஹ் முஸ்லிம் என்ற நபிமொழித் தொகுப்பில் உள்ள ஒரு ஹதீஸைச் சொன்னார். மறுமையில், நரகத்தின் மேல் போடப்பட்ட பாலத்தைத் தாண்டித் தப்பித்த விசுவாசிகள் உள்ளே போய் உட்காரவில்லை. "இறைவா, அவர்கள் எங்களோடு நோன்பு வைத்தார்கள், எங்களோடு தொழுதார்கள்" என்று நெருப்பில் கிடக்கும் சகோதரர்களுக்காக மன்றாடுகிறார்கள். தெரிந்தவர்களை வெளியே கொண்டுவாருங்கள் என்று அனுமதி கிடைக்கிறது. போய்க் கொண்டுவருகிறார்கள். அணுவளவு நன்மை உள்ளவருக்காகவும் மறுபடி மறுபடி போகிறார்கள். மலக்குகள் (வானவர்கள்), நபிமார்கள், விசுவாசிகள் எல்லோரும் பரிந்து பேசி முடித்த பின், ஒரு நன்மையும் செய்யாத ஒரு கூட்டத்தை இறைவனே நெருப்பிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி வெளியே எடுக்கிறான்.