கமோலியில் இரண்டு நாள் – கடிதம்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். உங்கள் இத்தாலிக் குறிப்புகளை வாசித்தேன். என் மகள் மிலானில் மேல்படிப்பு படிக்கிறாள். அக்டோபர் முதல் வாரம் நானும் மனைவியும் அவளைப் பார்க்கப் போகிறோம். ஒரு சனி, ஞாயிறு மட்டும் அமைதியான கடலோர ஊர் ஒன்றில் தங்கலாம் என்று எண்ணம். மகள் சிங்க்வே தெர்ரே என்கிறாள், ஐந்து கடலோர ஊர்கள் சேர்ந்த இடமாம். நீங்களோ கமோக்லி என்ற மீனவ ஊரில் இரண்டு நாள் சும்மா இருந்ததாக எழுதியிருந்தீர்கள். தேடிப் பார்த்தால் அது ஆயிரம் கப்பல்களின் ஊர் என்று போட்டிருக்கிறது. அதை மீனவ ஊர் என்பது சரியா? இன்னொன்று, நான் தூத்துக்குடிக்காரன். பிறந்ததிலிருந்து படகும் வலையும் பார்த்தவன். அங்கே போய்ப் புதிதாக என்ன பார்க்கப் போகிறேன்? மனைவி சைவம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆர்., தூத்துக்குடி

*

அன்புள்ள ஆர்.,

முதலில் பெயர். நானும் கமோக்லி என்றுதான் டிக்கெட் கேட்டேன். கவுன்டரில் இருந்த அம்மாள் ஒரு கணம் யோசித்துவிட்டு, 'ஆ, கமோலி!' என்றார். எழுத்தில் g இருக்கிறது, வாயில் 'க்' வராது.

கப்பல் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. நான் அவசரத்தில் எழுதிவிட்டேன். 'ஆயிரம் வெள்ளைப் பாய்மரங்களின் ஊர்' என்று அவர்களே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வீட்டுக்கு வீடு கப்பலில் பங்கு வைத்திருந்த ஊர். 1853இல் கப்பல்காரர்கள் தங்களுக்குள்ளேயே பணம் போட்டுப் பரஸ்பரக் காப்பீடு ஆரம்பித்தார்கள். ஒருவர் கப்பல் மூழ்கினால் நஷ்டம் எல்லாருக்கும். அப்புறம் நீராவிக் கப்பல் வந்தது, பாய்மரம் போயிற்று. ஊர்ப் பெயருக்கு 'மனைவிகளின் வீடு' என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். ஆண்கள் கடலில், பெண்கள் வீட்டில், அதனாலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இப்படி வாகாகப் பொருந்துகிற பெயர்க்காரணங்களை நான் நம்புவதில்லை, நம் ஊர்த் தலபுராணங்களில் நிறையப் பார்த்தாயிற்று.

இன்று அது பெரும்பாலும் வசதியானவர்கள் வார இறுதிக்கு வந்துபோகிற ஊர். துறைமுகம் கைக்குட்டை அளவு. அதில் உல்லாசப் படகுகளோடு சில மீன்பிடி படகுகளும் நிற்கின்றன. அதைச் சுற்றி ஆறு, ஏழு மாடி வீடுகள், காவியும் ரோஜாவும் மஞ்சளுமாக. நான் தங்கிய அறைக்கு எதிர் வீட்டில் ஒரு மாடிக்கு ஐந்து ஜன்னல். விடிந்து வெயில் சாய்வாக விழுந்தபோதுதான் அதில் இரண்டு ஜன்னல் வெறும் பெயின்ட் என்று தெரிந்தது. பச்சைக் கதவு, அதன் பட்டிகள், கீழே நிழல், எல்லாம் சுவரில் வரைந்தது. நிஜ ஜன்னலின் நிழல் நகர்ந்துவிட்டது, வரைந்த நிழல் அப்படியே நின்றது. லிகூரியா என்கிற அந்தக் கடலோர மாநிலம் முழுக்க இந்த வழக்கம் உண்டு. காலை காபியோடு எது நிஜம், எது பெயின்ட் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். 'சும்மா இருந்தேன்' என்று எழுதியது இதைத்தான்.

அமைதி என்று கேட்டீர்கள். பகல் பதினொன்றிலிருந்து ஐந்து வரை அங்கே அமைதி கிடையாது. ஜெனோவாவிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது, கூட்டம் வந்து இறங்கிக்கொண்டே இருக்கும். மாலை ரயிலில் அவர்கள் போன பிறகு ஊர் ஊர்க்காரர்களிடம் திரும்பி வருகிறது. கிழவர்கள் சுவரோரம் வந்து உட்காருகிறார்கள், தேவாலயத்துக்கு அடியில் அலைச் சத்தம் கேட்க ஆரம்பிக்கிறது. அதனால் ஒரு ராத்திரியாவது தங்க வேண்டும். மகளின் சிங்க்வே தெர்ரேயைக் குறை சொல்லமாட்டேன், அழகான இடம். ஆனால் ஐந்து ஊரையும் ஒரே நாளில் பார்க்கிறேன் என்று ரயில் ஏறி இறங்கினால் ஐந்து பிளாட்பாரங்கள்தான் ஞாபகத்தில் இருக்கும். காகித டிக்கெட் வாங்கினால், ஏறுமுன் ஸ்டேஷனில் உள்ள மெஷினில் முத்திரை குத்த மறக்காதீர்கள். நான் மறந்து, பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

சாப்பாடு. உங்கள் மனைவிக்குக் கஷ்டம் இருக்காது. ஃபரினாத்தா என்று ஒன்று, கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். பெரிய செம்புத் தட்டில் ஊற்றி விறகு அடுப்பில் சுடுவார்கள். ஓரம் மொறுமொறு, நடுவில் மெத்து. மிளகு தூவி அவர் சாப்பிட்டால் நம் வீட்டுக் கடலைமாவு அடையின் தூரத்துச் சொந்தம் என்பார். பக்கத்து ஊர் ரெக்கோவின் பெயரில் ஒரு ஃபொக்காச்சா, அதாவது தட்டை ரொட்டி, உண்டு, காகிதம் மாதிரி இரண்டு மாவுத் தகடுக்கு நடுவே பாலாடைக்கட்டி. கறாரான சைவம் என்றால் ஒன்று கவனியுங்கள்: பெஸ்தோ என்கிற பச்சிலைத் துவையலில் போடுகிற பார்மிஜானோ பாலாடைக்கட்டி, கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த உறை ஊற்றிச் செய்வது. உங்களுக்கோ, எலுமிச்சையில் ஊறிய நெத்திலி. அதிகம் சொல்லவில்லை.

படகில் சான் ஃப்ருத்துவோசோ மடத்துக்குப் போகலாம். நடந்தோ படகிலோதான் போக முடியும், கார் வழி கிடையாது. அங்கே கடலடியில் பதினேழு மீட்டர் ஆழத்தில் 1954இல் இறக்கிய கிறிஸ்து சிலை இருக்கிறது. மேலேயிருந்து எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

சரி, தூத்துக்குடிக்காரருக்கு என்ன புதிது? வலைதான். ஊருக்கும் புந்தா கியாப்பா என்ற பாறை முனைக்கும் நடுவே ஒரு நிலைவலை கட்டியிருக்கிறார்கள். தொன்னரெல்லா என்று பெயர். கரைப்பக்கமிருந்து நீளமாக ஒரு தடுப்பு, கரையோரம் போகிற மீன் அதில் முட்டி, ஆழத்துப் பக்கம் திரும்பி, அறைக்குள் போய் மாட்டும். வலை துரத்திப் போவதில்லை, காத்திருக்கிறது. நாளைக்கு மூன்று தடவை ஆள்கள் போய்க் கையால் தூக்குவார்கள்.

அந்த வலை எதில் பின்னியது தெரியுமா? தேங்காய் நாரில். லிகூரியாவில் தேங்காய் ஏது, எல்லாம் கப்பலேறி வருகிற நார். வருஷாவருஷம் புதிதாகக் கையால் பின்னுகிறார்கள். நாரில் பாசி பிடிக்கும். சீசன் முடிந்ததும் அறுத்துக் கடலடியிலேயே விட்டுவிடுவார்கள், மக்கிப் போகும். நைலானில் அது முடியுமா?

நான் போனது மே மாதம், சனிக்கிழமை மதியத்துக்கு மேல். ஒரு சின்னப் படகை வாடகைக்குப் பேசிப் பக்கத்தில் போனோம். வலைக்குக் குறுக்கே ஒரு நீளப் படகு, அதன் விளிம்பில் வரிசையாக ஆள்கள், முழங்கையை மடக்கி மடக்கி வலையை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார்கள். பாட்டெல்லாம் இல்லை. ஒருவர் மட்டும் யாரையோ விடாமல் திட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் கொதிப்பதுபோல் ஆயிற்று. சூரை வகை கொஞ்சம், கானாங்கெளுத்தி நிறைய. கடைசியில் திருகைக்கல் மாதிரி வட்டமாக ஒன்று மேலே வந்தது. வால் கிடையாது, தலையை மட்டும் வெட்டிக் கடலில் விட்டதுபோல ஒரு மீன். மோலா. திட்டிக்கொண்டிருந்தவர் குனிந்து, இரண்டு கையாலும் அதை விளிம்புக்கு வெளியே தள்ளிவிட்டார். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து, அவசரமே இல்லாமல் போயிற்று. அவர் விட்ட இடத்திலிருந்து திட்டத் தொடங்கினார்.

எங்கள் படகுக்காரர் தரையில் கிடந்த ஒரு துண்டுக் கயிற்றை எடுத்துக் காட்டினார். மூக்கருகே கொண்டுபோனேன். உப்பும் பாசியும்தான், தேங்காய் வாசனை கொஞ்சமும் இல்லை. ஆனால் உள்ளங்கையில் அந்தச் சொரசொரப்பு, கிணற்றடியில் பழகியது.

ஒரே சிக்கல். இந்த வலை ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரைதான். நீங்கள் அக்டோபர் முதல் வாரம் என்கிறீர்கள். டிக்கெட் இன்னும் போடவில்லை என்றால், இரண்டு வாரம் முன்னால் தள்ள முடியுமா என்று மகளிடம் கேட்டுப் பாருங்கள்.