கல்லூரிக் கூடைப்பந்தா, தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வா? இன்றைய நிலையில் ஒரு ரசிகராக உங்கள் கருத்து என்ன?

ஆட்டம் பார்க்கக் கல்லூரி, ஒரு அணியோடு ஒட்டிக்கொள்ள என்.பி.ஏ. பத்து வருடத்துக்கு முன்னால் அமெரிக்காவில் பெரும்பாலான ரசிகர்கள் இதை அப்படியே தலைகீழாகச் சொல்லியிருப்பார்கள். நான் இருப்பது ஹூஸ்டனில். கல்லூரி என்றால் எனக்கு ஹூஸ்டன் பல்கலைக்கழக அணியான கூகர்ஸ், என்.பி.ஏ. என்றால் ராக்கெட்ஸ். கீழே எழுதியிருப்பதில் ஊர்ப்பாசம் தூக்கலாகவே இருக்கும், கொஞ்சம் கழித்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் கல்லூரி. 2021 வரை மாணவ வீரர்கள் தங்கள் பெயரை வைத்து வெளியே சல்லிக்காசு சம்பாதிக்கக் கூடாது. அந்த ஜூலையில் கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. இறங்கி வந்து, விளம்பரத்தில் நடித்துச் சம்பாதித்துக்கொள்ளுங்கள் என்றது. என்.ஐ.எல். என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். வேறு கல்லூரிக்கு மாறினால் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும் என்ற விதியும் அதே வருடம் தளர்ந்தது, பிறகு மொத்தமாகவே போய்விட்டது. 2025 ஜூனில் ஒரு வழக்குச் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்த பிறகு, கல்லூரியே நேரடியாகப் பணம் கொடுக்கலாம். எல்லா விளையாட்டு வீரர்களுக்கும் சேர்த்து உச்சவரம்பு வருடத்துக்கு 2 கோடி டாலருக்குச் சற்று மேல்.

பையன்கள் பணம் வாங்குவதில் எனக்கு ஒரு புகாரும் இல்லை. மார்ச்சில் தொடங்கும் கல்லூரி தேசிய சாம்பியன்ஷிப் தொடரை 2025 முதல் 2032 வரை ஒளிபரப்பும் உரிமைக்கு டிவிக்காரர்கள் கொடுப்பது 880 கோடி டாலர். பெரிய கல்லூரிப் பயிற்சியாளர்கள் வருடத்துக்குப் பல லட்சம் டாலர் வாங்குகிறார்கள். ஓடி வியர்க்கிறவனுக்கு மட்டும் படிப்பே கூலி என்று எந்த முகத்தோடு சொல்வது?

இதனால் ஆட்டத்துக்கு நல்லதே நடந்திருக்கிறது. முன்பெல்லாம் கொஞ்சம் உயரமும் கொஞ்சம் கைத்திறமையும் இருந்தால் ஒரே வருடத்தில் டிராஃப்டுக்கு (என்.பி.ஏ. அணிகள் புது வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது) கிளம்பிவிடுவார்கள். இப்போது இரண்டாம் சுற்றில்தான் போவோம் என்று தெரிந்தவன் அவசரப்படுவதில்லை. கல்லூரியிலேயே நல்ல பணம் கிடைக்கும்போது அவன் ஏன் போக வேண்டும்? கோவிட் காலத்தில் எல்லோருக்கும் கொடுத்த கூடுதல் வருடமும் சேர்ந்ததால் 22, 23 வயது ஆட்கள் நிறைந்த அணிகள் வந்தன. அந்த வயதில் உடம்பும் திடமாக இருக்கும், தடுப்பாட்டமும் பிடிபட்டிருக்கும்.

2025 மார்ச் தொடரைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். அரையிறுதியில் கூப்பர் ஃபிளாக் இருந்த டியூக்குக்கு எதிராக, கடைசி ஒரு நிமிடத்துக்குள் ஆறு புள்ளி பின்தங்கியிருந்த ஹூஸ்டன், தொடர்ந்து ஒன்பது புள்ளி எடுத்து 70-67 என்று ஜெயித்தது. ஃபிளாக் அந்த வருட டிராஃப்டில் முதல் ஆளாகப் போனவன். அவனைத் தடுத்து நின்ற ஜே'வான் ராபர்ட்ஸ் 2019 முதல் ஹூஸ்டனில் இருந்தவன். பதினெட்டு வயது மேதையும் பழம் தின்று கொட்டை போட்ட சீனியரும் ஒரே கூடையடியில் மோதுவதை என்.பி.ஏ.வில் இந்த ருசியோடு பார்க்க முடியாது.

அடுத்து ஏப்ரல் 7, சான் அன்டோனியோவில் ஃபுளோரிடாவோடு இறுதிப் போட்டி. இரண்டாம் பாதியில் 12 புள்ளி முன்னிலை வைத்திருந்தோம். ஃபுளோரிடாவின் நட்சத்திரம் வால்டர் கிளேட்டன் முதல் பாதியில் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. அப்படியிருந்தும் கடைசியில் நாங்கள் இரண்டு புள்ளி பின்னால். எங்கள் எமானுவெல் ஷார்ப் த்ரீ (தூரத்திலிருந்து அடிக்கும் மூன்று புள்ளி ஷாட்) அடிக்க எழும்பினான். கிளேட்டன் பறந்து வந்து முகத்துக்கு நேரே நின்றான். அடித்தால் தடுத்துவிடுவான் என்று தெரிந்ததும் ஷார்ப் பந்தைக் கீழே விட்டுவிட்டான். எழும்பியவன் தானே விட்ட பந்தைத் தானே முதலில் தொட்டால் டிராவலிங் என்ற விதிமீறல். பந்து தரையில் துள்ளுகிறது, இவன் குனிந்து பார்த்துக்கொண்டு நிற்கிறான், தொட முடியாது. ஃபுளோரிடாவின் அலெக்ஸ் கான்டன் பாய்ந்து பந்தின் மேல் விழுந்தான். 65-63, கதை முடிந்தது. தரையில் உருளும் பந்துக்கு யார் முதலில் பாய்வது என்று போட்டி வைத்துப் பழக்குவதில் பேர்போனவர் எங்கள் பயிற்சியாளர் கெல்வின் சாம்ப்ஸன். போயும் போயும் அப்படி ஒரு பந்தில்தான் கோப்பை போனது. 1983, 1984 இரண்டு வருடமும் அடுத்தடுத்து இறுதியில் தோற்ற கல்லூரி இது. எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு இது மூன்றாவது காயம்.

சரி, ஆட்டம் இவ்வளவு நன்றாக இருக்கிறதே, பிறகு என்ன குறை? ஜெயித்த ஃபுளோரிடாவையே எடுத்துக்கொள்ளுங்கள். கிளேட்டன் வந்தது அயோனாவிலிருந்து. அலிஜா மார்ட்டின் ஃபுளோரிடா அட்லாண்டிக்கிலிருந்து. வில் ரிச்சர்ட் பெல்மான்ட்டிலிருந்து. மூன்றும் சின்ன இடங்கள். எங்களிடமும் கிரையர் பெய்லரிலிருந்தும் உசான் ஓக்லஹோமாவிலிருந்தும் வந்தவர்கள்தான், நாங்கள் மட்டும் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் சின்னக் கல்லூரி ஒன்று ஒரு பையனைக் கண்டெடுத்து இரண்டு வருடம் வளர்த்துவிட்டால், அந்த வசந்தத்திலேயே பெரியவர்கள் பையோடு வாசலில் நிற்கிறார்கள். நாற்றங்கால் ஒருவனுடையது, அறுவடை இன்னொருவனுடையது. விளைவு: 2025இல் கடைசி 16 அணிகளும் நான்கே பெரிய கான்ஃபரன்ஸ்களிலிருந்து (கல்லூரிகள் சேர்ந்து ஆடும் குழுக்கள்) வந்தவை, அதில் ஏழு எஸ்.இ.சி. என்ற ஒரே கான்ஃபரன்ஸ். 2022இல் தன் பிரிவின் 16 இடங்களில் 15ஆம் தரவரிசையில் இருந்த சின்னக் கல்லூரி செயின்ட் பீட்டர்ஸ், பெரிய கல்லூரியான கென்டக்கியை வீழ்த்திக் கடைசி எட்டு வரை போனபோது நாடே கொண்டாடியது. சீசன் முடிந்ததும் பயிற்சியாளர் வேறு கல்லூரிக்குப் போனார், முக்கிய வீரர்கள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். அடுத்த வருடம் ஆதரிக்க அங்கே சட்டை மட்டும்தான் மிச்சம்.

இதை அப்படியே என்.பி.ஏ.வோடு வைத்துப் பாருங்கள். ஓக்லஹோமா சிட்டி தண்டர் 2021-22இல் 24 ஆட்டம்தான் ஜெயித்தது. 2019இல் பால் ஜார்ஜைக் கிளிப்பர்ஸுக்கு அனுப்பி வாங்கிய ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டர், அதே பேரத்தில் கிடைத்த டிராஃப்ட் உரிமையில் எடுத்த ஜேலன் வில்லியம்ஸ், 2022இல் இரண்டாவதாக எடுத்த செட் ஹோம்கிரன் என்று பொறுமையாகக் கட்டி, 2024-25இல் 68 ஜெயித்துக் கோப்பையையும் எடுத்தார்கள். எங்கள் ராக்கெட்ஸும் அந்த வழிதான். 2020-21 முதல் வரிசையாக 17, 20, 22, 41, 52 வெற்றிகள். ராக்கெட்ஸின் ஷெங்குன் முதல் சீசனில் தடுப்பாட்டத்தில் தடுமாறியதும், பிறகு முதுகைக் காட்டிக்கொண்டே பாஸ் போடக் கற்றதும் எல்லாம் எங்கள் கண்முன் நடந்தவை. ஒரு பையன் வளர்வதை வருடக்கணக்கில் பார்க்கும் இந்தச் சுகம் ஒரு காலத்தில் கல்லூரி ரசிகனுக்குச் சொந்தமானது.

என்.பி.ஏ.வில் விசுவாசம் பொங்குகிறது என்று நினைக்க வேண்டாம். 2025 பிப்ரவரியில் டாலஸ் அணி தன் நட்சத்திரம் லூக்கா டோன்சிச்சையே லேக்கர்ஸுக்குத் தூக்கிக் கொடுத்தது. அந்தக் கோடையில் ராக்கெட்ஸும் ஜேலன் கிரீனை விட்டுக் கெவின் டியூரண்டை வாங்கியது. கணக்குப்படி சரிதான். ஆனாலும் 36 வயதுக்காரருக்காக நாம் வளர்த்த பையனை அனுப்பியது எனக்கு இன்னும் ஒட்டவில்லை. சம்பள வரம்பு விதிகள் வேறு இறுகிவிட்டன. 2024 சாம்பியன் பாஸ்டன் ஒரே வருடத்தில் ஹாலிடேயையும் போர்சிங்கிஸையும் விட வேண்டியதாயிற்று. இருந்தாலும் இங்கே ஒப்பந்தம் என்று ஒன்று இருக்கிறது, ஏப்ரலில் மொத்த அணியும் காணாமல் போவதில்லை.

த்ரீ அதிகம் என்ற புலம்பலில் எனக்குப் பாதி உடன்பாடுதான். 2024-25இல் பாஸ்டன் ஆட்டத்துக்குச் சராசரி 48 த்ரீ எறிந்தது. எண்ணிக்கையை விட, முப்பது அணியும் ஒரே மாதிரி ஆடுவதுதான் சலிப்பு. அதைவிடப் பெரிய தொல்லை ஒரு சீசனுக்கு 82 ஆட்டம். 2025 பிளேஆஃப் (கோப்பைக்கான கடைசிச் சுற்றுகள்) ஒன்றிலேயே லில்லர்ட், டேட்டம், ஹாலிபர்ட்டன் என்ற மூன்று நட்சத்திரங்களுக்கும் குதிகால் தசைநாண் அறுந்தது. ஹாலிபர்ட்டனுக்கு இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில். ஆட்டங்களின் எண்ணிக்கைதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லவில்லை, ஆனால் 65ஆகக் குறைத்தால் யாருக்கு நஷ்டம் என்று கேட்டால், டிக்கெட் விற்பவர்களைத் தவிர வேறு யாரையும் எனக்குத் தோன்றவில்லை.

புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறீர்கள் என்றால் கல்லூரியில் நவம்பர், டிசம்பரை விட்டுவிடுங்கள், பாதி ஆட்டங்கள் ஒருதலைப்பட்சம். ஜனவரியிலிருந்து ஹூஸ்டனின் கான்ஃபரன்ஸான பிக் 12 ஆட்டங்களைப் பாருங்கள், ஹூஸ்டன் தன் மைதானத்தில் ஆடுவதாக இருந்தால் இன்னும் நல்லது. கடைசி இரண்டு நிமிடத்தில் ஃபவுல், டைம்-அவுட், நடுவர் திரையில் சரிபார்ப்பு என்று இருபது நிமிடம் இழுப்பார்கள், அப்போது காபி போட்டுக்கொள்ளலாம். இந்தியாவிலிருந்து பார்த்தால் அமெரிக்காவின் இரவு ஆட்டங்கள் காலையில்தான் வரும், நேரமும் தோதாக இருக்கும்.