வட்டியையும் கடன் வாங்கியே கட்டுகிறீர்கள்

கேள்வி: தக்கலை அருகே வீட்டு மாடி அறையில் ஒலிப்பதிவுக்கூடம் நடத்துகிறேன். வில்லுப்பாட்டும் தேவாலயப் பாடல்களும்தான் அதிகம். மாதம் பத்துப் பாடல் பதிவாகிறது, அதில் ஆறு உறவினருக்கு இலவசம். உடுக்கைச் சத்தம் பக்கத்து வீட்டாருக்குத் தொல்லை. பஸ் ஹாரன் எனக்குத் தொல்லை. அறை முழுக்க ஃபோம் ஒட்ட 1,70,000 ரூபாய் கேட்கிறார்கள். மனைவியின் நகைமேல் 2023-இல் 1,20,000 ரூபாய் கடன் வாங்கினேன். புதுப்பிக்கும்போது 2,00,000 ஆக்கினேன், பிறகு 2,80,000. வட்டி 11 சதவீதம். பொன் விலை ஏறியிருப்பதால், அடுத்த மாதம் 4,50,000 ஆக்கிக்கொள்ளச் சொல்கிறார் மைத்துனர். செய்யலாமா?

பதில்: செய்ய வேண்டாம். மைத்துனர் பொன் விலையைப் பார்க்கிறார். நான் உங்கள் வட்டியைப் பார்க்கிறேன். முதல் ஆண்டு 13,200, அடுத்து 22,000, இப்போது கட்ட வேண்டியது 30,800. ஆக 66,000 ரூபாய். இதில் ஒரு ரூபாயாவது கூடத்தின் வருமானத்திலிருந்து போனதா? ஒவ்வொரு முறையும் கூட்டி வாங்கிய தொகையில்தானே வட்டியைக் கழித்தீர்கள்? இம்முறையும் அப்படிச் செய்தால், கூடுதலாக வரும் 1,70,000-இல் 30,800 போய், கையில் 1,39,200தான் நிற்கும். அந்த ஃபோமுக்கே அது போதாது. அடுத்த ஆண்டு வட்டி மட்டும் 49,500, மாதம் நாலாயிரத்துக்கு மேல்.

இந்த வழியும் இனி எளிதல்ல. ரிசர்வ் வங்கி 2025-இல் வெளியிட்டு, 2026 ஏப்ரல் 1-க்குள் நடைமுறைப்படுத்தச் சொன்ன விதிகளின்படி, ஆண்டு முடிவில் மொத்தமாகக் கட்டும் நகைக்கடனை, சேர்ந்த வட்டியைக் கட்டிய பிறகே புதுப்பிக்க முடியும். "அந்த வட்டியைக் கட்ட ஒரு நாளைக்குக் கைமாற்று தருகிறேன்" என்று மைத்துனர் முன்வருவார். அன்போடு மறுத்துவிடுங்கள்.

இனி அந்த ஃபோம். அது அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், பாடகரின் குரல் தெளிவாகப் பதியும். உடுக்கைச் சத்தம் பக்கத்து வீட்டுக்குப் போவதை அது தடுக்காது. சத்தத்தைத் தடுப்பது எடை. சுவரின் எடையை இரட்டிப்பாக்கினால் சுமார் 6 டெசிபல் குறையும். உங்கள் செங்கல் சுவருக்கு அந்த எடை ஏற்கெனவே இருக்கிறது. காற்று நுழையும் இடத்தில்தான் சத்தமும் நுழைகிறது: கதவின் அடி, ஜன்னல் இடுக்கு. கதவு ஒட்டுப்பலகையாக இருந்தால், வீடு இடிக்கும் இடத்தில் பழைய அயனிமரக் கதவு ஒன்றைத் தேடுங்கள். நாலு பக்கமும் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். ரப்பர் விளையும் மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமில்லை. தெருப்பக்க ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசுங்கள். மற்றொன்றை விட்டுவிடுங்கள், காற்றில்லாத அறையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். நம் ஊரில் இரண்டு பருவமழை. எதிரொலிக்கு, மரச்சட்டத்தில் ராக்வூல் (பாறை இழைப் பஞ்சு) அடைத்துத் துணி போர்த்திய தட்டிகள் ஆறு போதும். முட்டை அட்டை வேண்டவே வேண்டாம். சத்தத்தையும் தடுக்காது, எளிதில் தீப்பிடிக்கும். என் கணக்கில் எல்லாம் சேர்த்து 35,000 ரூபாய்க்குள் அடங்கும். இத்தனைக்குப் பிறகும் உடுக்கை கொஞ்சம் கேட்கும். இரவுப் பதிவைப் பகலுக்கு மாற்றுவதற்குச் செலவே இல்லை.

பணம்? மாதம் பத்துப் பாடல் பதிவாகிறது, ஆறு உறவினருக்கு இலவசம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆறுக்கும் தலைக்கு ஆயிரம் வாங்குங்கள். மாதம் ஆறாயிரம், ஆறு மாதத்தில் கதவும் ஜன்னலும் தட்டிகளும் முடிந்துவிடும். அதற்குப் பிறகு அதே ஆறாயிரம் வட்டிக்குப் போகட்டும். ஆண்டு வட்டியே ஆறு மாதத்துக்குள் தீரும். மைத்துனர் வீட்டுப் பிள்ளை பாடினாலும் ரசீது போடுங்கள்.

அடுத்த மாத 30,800-ஐ மட்டும் வேறு செலவைக் குறைத்துப் புரட்டுங்கள். புதுப்பிக்கும்போது, ஒரே கடனாக வைக்காமல் மூன்று சிறு கடன்களாகப் பிரித்துத் தரும்படி வங்கியில் கேளுங்கள். பணம் சேரச் சேர ஒவ்வொரு நகையாக மீட்கலாம். முதலில் மனைவி எதைக் கேட்கிறாரோ அதை மீட்டுக் கொடுங்கள்.