எப்போது பேசும்? மழலை பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: மகனுக்கு 18 மாதம். நாலு சொல்தான் சொல்கிறான், ஆனால் எல்லாம் புரிகிறது. பயப்பட வேண்டுமா?

பதில்: புரிகிறது என்பதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? கையைக் காட்டாமல், கண்ணாலும் அந்தப் பக்கம் பார்க்காமல் "செருப்பை எடுத்துட்டு வா" என்று சொல்லிப் பாருங்கள். எடுத்து வந்தால் பாதிக் கவலையை விடலாம், எந்தக் குழந்தைக்கும் காதுதான் முந்தும், வாய் அப்புறம்தான். வேண்டியதை விரலால் சுட்டுகிறானா என்பதையும் கவனியுங்கள். ஆனாலும் காது பரிசோதனை ஒரு தடவை செய்துவிடுங்கள். கதவுச் சத்தத்துக்குத் திரும்புகிறான் என்பது போதாது; சளி பிடித்துக் காதுக்குள் நீர் கோத்திருந்தால் சத்தம் கேட்கும், சொல் தெளியாது. 2 வயதாகியும் "அம்மா வா" மாதிரி இரண்டு சொல் சேரவில்லையென்றால் பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும் என்பவர்களை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

கேள்வி: 3 வயது மகள் பழத்தை "பயம்" என்கிறாள். திருத்தவா?

பதில்: நீங்களும் "பயம் வேணுமா?" என்று கேட்டுப் பாருங்கள், "பயம் இல்ல, பயம்!" என்று சண்டைக்கு வந்தாலும் வருவாள். காதில் 'ழ' சரியாக விழுந்திருக்கிறது, நாக்குதான் இன்னும் மடங்கவில்லை. (பெரியவர்களிலேயே எத்தனை பேருக்கு மடங்குகிறது!) குழந்தைகளின் மொழியை ஆராய்ந்த ஜீன் பெர்கோவும் ரோஜர் பிரவுனும் 1960-இல் இப்படி ஒரு குழந்தையைப் பற்றி எழுதினார்கள்: தன் பொம்மை மீனை "ஃபிஸ்" என்று சொன்ன பிள்ளை, பெரியவரும் "ஃபிஸ்" என்றபோது ஒத்துக்கொள்ளவில்லை, "ஃபிஷ்" என்ற பிறகுதான் "ஆமாம், ஃபிஸ்" என்றது. அதனால் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லி வதைக்க வேண்டாம். "ஆமா, பழம், பெரிய பழம்" என்று நீங்கள் சரியாகச் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள்.

கேள்வி: வீட்டில் இரண்டு மொழி. குழம்பிவிடுமா?

பதில்: குழம்பாது. கலந்து பேசும், அது வேறு. குழந்தை எத்தனை சொல் பேசுகிறது என்று எண்ணும்போது இரண்டு மொழியையும் சேர்த்து எண்ணுங்கள், அவ்வளவுதான்.

கேள்வி: செல்போனில் பாட்டும் கதையும் போட்டுவிட்டால் சீக்கிரம் பேசுமா?

பதில்: குழந்தைகள் மொழி கற்பதை ஆராயும் பாட்ரிசியா குல் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், 9 மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீன மொழிக்காரர்கள் 12 தடவை நேரில் உட்கார்ந்து விளையாடிப் பேசினார்கள், அந்தக் குழந்தைகளுக்குச் சீன ஒலி பிடிபட்டது. அதே பேச்சைத் திரையில் மட்டும் பார்த்த குழந்தைகளுக்கு ஒன்றும் ஏறவில்லை. குழந்தை "ங்கா" என்றால் செல்போன் பதில் சொல்லாதே, நீங்கள் சொல்வீர்கள்.

கேள்வி: 20 மாதம். சொல்லிக்கொண்டிருந்த சொற்களை இப்போது சொல்வதில்லை, கூப்பிட்டாலும் திரும்புவதில்லை.

பதில்: இதற்கு மட்டும் பொறுத்துப் பார்க்கலாம் என்று சொல்ல மாட்டேன். இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் போங்கள், எந்தெந்தச் சொல் நின்றுபோனது, எப்போதிலிருந்து என்று எழுதி எடுத்துப் போங்கள்.