கோபத்துக்கு எதற்கு 16 நிமிடம்?

அன்புள்ள ஐயா,

நீங்கள் சொன்னீர்களே என்று பிரிட்டிஷ் ராக் குழுவான மரிலியனின் 2016 ஆல்பம் 'எஃப் ஈ ஏ ஆர்' கேட்டேன். இசை அருமை. ஆனால் அகதிகள், வங்கி, ரஷ்யப் பணம் என்று 16 நிமிடத்துக்கு மேல் நீளும் பாட்டு எதற்கு? குட்டையான, கோபமான பாட்டுகளைப் பாடும் பங்க் ராக் குழுவாக இருந்தால் மூன்றே நிமிடத்தில் சொல்லி முடித்திருப்பார்கள். வயதான, வசதியான மனிதர்கள் உபதேசம் செய்வதுபோல் இருக்கிறது.

கா., மதுரை

அன்புள்ள கா.,

பங்க் பாட்டில் திட்டுவதற்கு எதிரே ஒரு ஆள் இருப்பார். ராணியோ, பிரதமரோ, போலீஸ்காரரோ. இங்கே யாரைத் திட்டுவது? 2008 நிதி நெருக்கடியில் ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தைத் தூக்கி நிறுத்த பிரிட்டன் அரசு 4,500 கோடி பவுண்டுக்கு மேல் மக்கள் பணத்தைக் கொட்டியது. இப்படிப்பட்ட பணத்துக்கு முகம் கிடையாது. 'தி நியூ கிங்ஸ்' (புதிய ராஜாக்கள்) பாட்டில் குழுவின் பாடகர் ஸ்டீவ் ஹோகார்த் அதற்கு ஒரு குரல் கொடுக்கிறார். மொனாக்கோவில் இருந்தபடியே லண்டனை விலைக்கு வாங்குகிறவர்களின் குரல் அது. ஆல்பத்தின் பெயருக்குள் இருக்கும் வசவும் ('ஃபக் எவ்ரிஒன் அண்ட் ரன்' என்பதன் முதலெழுத்துகள்தான் அந்தப் பெயர்) இந்தப் பாட்டில்தான் வருகிறது. அதை அவர் கத்தவே இல்லை. உச்சஸ்தாயியில், மெலிசாக, தொட்டில் பிள்ளைக்குப் பாடுவதுபோல் பாடுகிறார். எனக்கு வயிற்றைக் கலக்கியது அந்த இனிமைதான்.

நான்காவது பகுதியில் குரல் மாறுகிறது. இசைக்குழு மொத்தமும் சேர்ந்து இரைகிறது. இப்போது பாட்டு, பள்ளிக்கூடப் பாட்டை நம்பிய, தன் நாடு தன்னைப் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்த சாதாரண ஆளைப் பார்த்துப் பேசுகிறது. அந்த ராஜாக்களின் நிதானத்தோடு அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்ததால்தான் இந்த இடம் நம்மை அடித்துப்போடுகிறது. மூன்று நிமிடத்தில் இது நடக்காது.

உபதேசம் என்கிறீர்கள். அதே ஆல்பத்தின் 'எல் டொராடோ' பாட்டு அமைதியான ஓர் ஆங்கிலேயத் தோட்டத்தில் தொடங்குகிறது. மூன்றாம் பகுதிக்கு வரும்போது எல்லையில் காத்து நிற்கும் மனிதர்களும் கவிழ்ந்த படகுகளும் வந்துவிடுகின்றன. பாடுகிறவர் அந்த மனிதர்களில் தன்னையே பார்க்கிறார். தோட்டத்தில் உட்கார்ந்திருப்பவரும் அவர்தான். குற்றம் சாட்டப்படுகிறவர்களில் தன்னையும் சேர்த்துக்கொண்டு பாடுவதை எப்படி உபதேசம் என்பது?

'தி லீவர்ஸ்' (கிளம்பிப் போகிறவர்கள்) பாட்டு மட்டும் எனக்கும் கொஞ்சம் இழுவைதான். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் விலகுவதா என்ற பிரெக்ஸிட் வாக்கெடுப்பு முடிந்து மூன்றே மாதத்தில் ஆல்பம் வந்ததால் அதைப் பற்றிய பாட்டு என்று சிலர் நினைத்துக்கொண்டார்கள். உண்மையில் அது ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போகும் கலைஞர்களின் வாழ்க்கை.

சரி, வசதி விஷயம். 1997-இல் இவர்களிடம் அமெரிக்கா போகக் காசில்லை. ரசிகர்கள் சேர்ந்து சுமார் 60,000 டாலர் திரட்டி வரவழைத்தார்கள். 2001 ஆல்பத்துக்கு 12,000 பேருக்கு மேல், ஒரு பாட்டுகூடக் கேட்காமல் முன்பணம் கட்டினார்கள். நீங்கள் கேட்ட ஆல்பமும் ரசிகர்களின் முன்பணத்தில் உருவானதுதான். பெருநிறுவனத்தின் தயவில்லாமல் இத்தனை காலம் ஓட்டியவர்கள் வங்கிக்காரர்களைப் பற்றிப் பாட யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

'தி நியூ கிங்ஸ்' மட்டும் இன்னொரு முறை, நடுவில் நிறுத்தாமல் கேட்டுவிட்டு எழுதுங்கள்.